கால் பட்ட இடமே ஊர்: நீலகிரியின் அலையும் நாயகர்கள்

நீலகிரியின் உச்சியில் எருமை மேய்த்து வாழும் தோடர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் நூறாண்டுக்கும் மேலாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1832இல் கேப்டன் ஹென்றி ஹார்க்னஸ் அவர்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். நெடிய உடல்வாகையும் கூரிய மூக்கையும் தாடியையும் தோளைச் சுற்றிப் போர்த்திய புத்துக்குளிச் சால்வையையும் பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு கற்பனை ஓடியது. ரோமானியரின் மிச்சம் என்றார்கள், இஸ்ரேலின் காணாமற்போன குலம் என்றார்கள், சித்தியர் என்றார்கள். கிரேக்க அரச குடும்பத்தில் பிறந்து மானிடவியலாளரான இளவரசர் பீட்டரும் 1930களின் இறுதியில் இங்கு வந்தார். ஒரு பெண் பல கணவரை மணக்கும் தோடர் வழக்கத்தை அவர் ஆராய்ந்தார். தோடர் சடங்குகளில் சுமேரியச் சாயல் இருப்பதாகவும் எழுதினார். தோடர் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, கோத்தர் மொழிக்கு மிக நெருங்கியது, தமிழுக்கும் உறவானது என்று மொழியியல் நிறுவிய பிறகு இந்த வம்சாவளித் தேடல்கள் வலுவிழந்தன. ஆனால் அந்தத் தேடல் ஒரு நல்ல கேள்வியை மறைத்துவிட்டுப் போனது. கிரேக்கர்களுக்கு ஒடிசியஸ் இருந்தான். டிராய்ப் போர் முடிந்து சொந்தத் தீவான இத்தாக்காவுக்குத் திரும்பப் பத்தாண்டுகள் கடலில் அலைந்தவன் அவன். நீலகிரியின் கதைகளில் அலைபவர்கள் யார்? அவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள்? ரத்த உறவைத் தேடாமல், இரு மக்களும் ஒரே வினாவுக்குச் சொன்ன விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒடிசியஸின் பயணம் முன்பே இருக்கும் வீட்டுக்குத் திரும்புவது. நீலகிரியின் பயணங்களோ வீட்டை உண்டாக்குபவை.

தமிழ் வாசகருக்கு அலையும் நாயகர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவோர் பாண்டவர்கள். அவர்களின் தடம் இந்த மலையிலும் உண்டு. குன்னூருக்கு அருகே உள்ள டுரூக் கோட்டைக்குப் பக்காசுரன் கோட்டை என்று பெயர். பாண்டவர்கள் தலைமறைவாக அலைந்த காலத்தில் பீமன் கொன்ற அந்த அரக்கன் இங்கேதான் இருந்தான் என்பது நம்பிக்கை. கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி மலைக்கும் ஒரு கதை உண்டு. காரமடையில் குடியிருந்த ரங்கநாதர் மனைவியோடு பிணங்கிக்கொண்டு தனியாக மலையேறி வந்துவிட்டார் என்ற செய்தியை 1908இல் வெளிவந்த பிரான்சிஸின் மாவட்ட விவரக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. மனைவியிடம் போய்ச்சேர அலைந்த ஒடிசியஸுக்கு நேர் எதிரான கதை இது. ஆயினும் இவை எல்லாம் சமவெளியின் நாயகர்கள் மலையில் வந்து தங்கிப்போன கதைகள். மலை இவற்றில் பின்புலம் மட்டுமே. பீமன் வேறெங்கே போயிருந்தாலும் பீமனாகவே இருந்திருப்பான். மலைவாசிகள் தமக்கென்று சொல்லிக்கொண்ட கதைகளில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

கோத்தர்களிடம் தொடங்கலாம். கொல்லுவேலை, மட்பாண்டம், மரவேலை, இசை என எல்லாம் தெரிந்த இந்தச் சிறு சமூகத்துக்கு ஏழு ஊர்கள். முன்னோர்களை ஒரு கறுப்புப் பசு நடத்திக்கொண்டு வந்தது, அது குளம்பு பதித்த இடங்களில் ஊர்கள் எழுந்தன என்பது அவர்களின் தொன்மம். கோத்தர் இசையை ஆராய்ந்த ரிச்சர்ட் வுல்ஃப் 2005இல் வெளியிட்ட நூலுக்கே அந்தக் குளம்படியைத் தலைப்பாக வைத்தார். கிரேக்கத் தொன்மம் அறிந்தவர்களுக்கு இங்கே உடனே காட்மஸ் நினைவுக்கு வருவான். ஜீயஸ் கடத்திச்சென்ற தங்கை யூரோப்பாவைத் தேடி அலைந்தவன் அவன். தேடலை விடு, ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ, அது படுக்கும் இடத்தில் நகரம் கட்டு என்று டெல்பி ஆலயம் அவனுக்குச் சொன்னது. அப்படிப் பிறந்ததுதான் தீப்ஸ் நகரம். ஒற்றுமை வியப்பூட்டுவதுதான். ஆனால் வேறுபாட்டில்தான் செய்தி இருக்கிறது. காட்மஸ் பசுவைப் பலியிட முனைகிறான். தண்ணீருக்குப் போன அவனுடைய ஆட்களை ஊற்றைக் காத்த நாகம் கொல்கிறது. அதை வென்று, அதன் பற்களை விதைத்து, அதிலிருந்து முளைத்த வீரர்கள் தமக்குள் வெட்டிக்கொண்டு செத்தது போக எஞ்சியவர்களைக் கொண்டே நகரம் எழுகிறது. கடைசியில் காட்மஸே அந்த நகரத்தை விட்டு வெளியேறுகிறான். கோத்தர் கதையின் மையத்தில் வெல்லப்பட வேண்டிய எதிரி இல்லை. ஒரே நாயகனும் இல்லை. நடத்திச் செல்வது பசு, நடப்பது ஒரு கூட்டம், நடந்து முடித்ததற்குச் சான்று ஊர்.

படகர்களின் கதையிலும் ஒரு தங்கை வருகிறாள். தலமலையில் வாழ்ந்த ஏழு அண்ணன் தம்பிகளின் சகோதரியை ஓர் இசுலாமிய ஆட்சியாளன் அடைய நினைக்க, அவளைக் காப்பாற்ற எல்லாரும் இரவோடு இரவாக மலையேறினார்கள் என்பது பலரும் பதிவு செய்த வடிவம். விஜயநகரம் 1565இல் வீழ்ந்ததற்குப் பிந்தைய குழப்பங்களில் மைசூர்ப் பகுதியிலிருந்து அலையலையாக வந்தவர்களே படகர்கள் என்று மானிடவியலாளர் பால் ஹாக்கிங்ஸ் வாதிட்டார். தாங்கள் மலையின் தொல்குடிகளே என்று படகரில் ஒரு சாரார் இன்று இதை மறுக்கிறார்கள். வரலாற்றுத் தீர்ப்பு எதுவானாலும் கதையின் போக்கு கவனிக்கத்தக்கது. காட்மஸ் தங்கையைத் தேடுவதைக் கைவிட்ட பிறகுதான் அவனுக்கு ஊர் கிடைத்தது. படகச் சகோதரர்கள் தங்கையைக் கைவிடாததால்தான் அவர்களுக்கு ஊர் கிடைத்தது. பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் இதில் துளியும் இல்லை. விட்டு வந்த தலமலை ஒருபோதும் இத்தாக்கா ஆவதில்லை.

இனி தோடர்களுக்கு வருவோம். பொருள் செறிந்த பகுதி இதுதான். 1901, 1902இல் இங்கே தங்கி ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்ட டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ், தோடர் தெய்வங்களின் கதைகளை வரிசையாக எழுதிவைத்தார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு மலைமுடி உண்டு. தெய்கிர்ஷி என்ற பெண் தெய்வமும் அவளுடைய சகோதரன் ஓனும் முதன்மையானவர்கள். மண்ணிலிருந்து எருமைகளை வரவழைத்தவன் ஓன். கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி வெளிவந்தவனே முதல் தோடன். ஓனுக்குப் பூவ் என்று ஒரு மகன். அவன் நீரில் மூழ்கி இறந்துபோகிறான். மகன் போன இடத்துக்கே நானும் போகிறேன் என்று ஓன், மேற்கே இருக்கும் இறந்தோர் நாடான அம்னோருக்குக் கிளம்பிவிடுகிறான். வழியனுப்ப வராமல் நின்றுவிட்டவர்களை அவன் சபித்தான் என்கிறது ரிவர்ஸ் பதிவு செய்த வடிவம். அன்று போனவன் திரும்பவில்லை. அம்னோரின் தலைவனாக அங்கேயே இருக்கிறான். இந்த உலகத்தை ஆளும் பொறுப்பு தெய்கிர்ஷியிடம் தங்கிவிட்டது.

ஒடிசியஸும் இறந்தோர் உலகின் வாசல் வரை போகிறான். அவன் கதையைச் சொல்லும் ஹோமரின் காப்பியமான ஒடிசியின் பதினோராம் காண்டம் முழுவதும் அதுதான். ஆட்டை அறுத்துக் குழியில் ரத்தம் வார்க்கிறான். அதைக் குடித்த ஆவிகளே அவனோடு பேச முடியும். ஊருக்குப் போகும் வழியைத் தீர்க்கதரிசி தெய்ரேசியாஸ் சொல்கிறான். தாயை அணைக்க மூன்று முறை முயன்றும் அவன் கைக்குள் எதுவும் அகப்படுவதில்லை. அங்கே சந்திக்கும், டிராய்ப் போரில் இறந்த வீரன் அக்கிலிஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட உயிரோடு ஓர் ஏழையிடம் கூலிவேலை பார்ப்பதே மேல் என்கிறான். அப்படிச் சொன்னவனே, தன் மகன் போரில் சிறந்து நின்றான் என்று கேட்டதும் பெருமிதத்தோடு நடந்து போகிறான். அக்கிலிஸ் வெறுத்த அந்த அரசைத்தான் ஓன் விரும்பி ஏற்றான், அதுவும் மகனுக்காக. மகன்மீது வைத்த பாசம் இரு கதைகளிலும் ஒன்றே. கிரேக்கக் கதை அந்தப் பாசத்தை வாழ்வின் பக்கம் நிறுத்துகிறது, தோடர் கதை அதையே சாவுலகை வாழத்தக்கதாக்கும் ஆற்றலாக மாற்றுகிறது. கிரேக்கரின் கீழுலகம் நிழல்களின் இருட்டு. அம்னோரிலோ இங்கே மறைந்த அதே சூரியன் காய்கிறது. சாவில் பலியாகும் எருமைகள் இறந்தவரோடு கூடவே நடந்துபோய் அங்கும் பால் தருகின்றன. ஒடிசியஸ் அறுத்த ஆடு ஆவிகளைப் பேசவைப்பதற்கு, தோடரின் எருமை வழித்துணைக்கு.

அம்னோருக்குப் போகும் வழியைத் தோடர்கள் அடையாளம் காட்டிச் சொல்வார்கள். குறிப்பிட்ட பாறை, குறிப்பிட்ட ஓடை, குறிப்பிட்ட மலைச்சரிவு என்று அது குந்தாப் பக்கமாக மேற்கே இறங்குகிறது. இடையில் ஓர் ஆறு, அதன்மேல் நூலாலான பாலம். தன்னலக்காரர்கள், பிறர் நன்மையைப் பொறாதவர்கள், பால்கோயிலுக்குக் குற்றம் செய்தவர்கள் ஆகியோர் நூலறுந்து ஆற்றில் விழுவார்கள், அட்டைகள் அவர்களைக் கடிக்கும். ஆனாலும் அது நிரந்தரத் தண்டனை இல்லை. குற்றத்துக்கேற்பச் சில காலம் கழித்து அவர்களும் போய்ச்சேர்வார்கள். அதைவிட வியப்பான செய்தி ஒன்றையும் ரிவர்ஸ் எழுதியிருக்கிறார். அம்னோரில் இருப்பவர்கள் நடந்து நடந்தே கால் தேய்கிறார்கள். முழங்கால் வரை தேய்ந்ததும் ஓன் அவர்களைப் புதிய மனிதர்களாக இந்த உலகத்துக்கு அனுப்பிவிடுகிறான். திரும்பிவருதல் என்பது தோடர் கதையிலும் இருக்கிறது. ஆனால் அது ஒரு வீரனின் தந்திரத்தால் கிடைக்கும் பரிசு இல்லை. நடந்த எல்லாருக்கும் உரியது அது, தேய்ந்தால்தான் கிடைப்பது. திரும்பும்போது, ஒடிசியஸுக்குப் போலப் பழைய பெயரும் பழைய கட்டிலும் காத்திருப்பதில்லை.

இந்த மலையிலிருந்து பார்த்தால் ஒடிசி வேறொரு நூலாகத் தெரிகிறது. ஒன்பதாம் காண்டத்தில் ஒடிசியஸ் ஒற்றைக்கண் ராட்சதன் பாலிஃபீமஸின் குகைக்குள் நுழைகிறான். நமக்குச் சொல்லித்தரப்படும் கதை ராட்சதனை ஏமாற்றிய புத்திசாலியைப் பற்றியது. ஹோமரை நிதானமாகப் படித்தால் அந்தக் குகை ஓர் ஒழுங்கான பால்மனை. கூடைகளில் பாலாடைக்கட்டி அடுக்கியிருக்கிறது. மோர் நிறைந்த பாத்திரங்கள் இருக்கின்றன. குட்டிகள் வயதுவாரியாகத் தனித்தனிப் பட்டிகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன. மாலையில் வரும் பாலிஃபீமஸ் ஒவ்வோர் ஆட்டையும் முறைப்படி கறந்து, குட்டியைத் தாயிடம் விட்டு, பாலில் பாதியை உறையவைத்து, மீதியைக் குடிக்க எடுத்துவைக்கிறான். தோடருக்குப் பால்மனைதான் கோயில். கறப்பதும் கடைவதும் வழிபாடு. உள்ளறையின் பாத்திரங்களும் வெளியறையின் பாத்திரங்களும் கலக்கக் கூடாது. உயர்ந்த நிலைப் பால்கோயிலின் பூசாரி அந்தப் பொறுப்பில் இருக்கும்வரை மனைவியோடு வாழக் கூடாது என்று விதி இருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குள் கேளாமல் நுழைந்து பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு, வீட்டுக்காரன் வந்ததும் விருந்தோம்பலைக் கேட்டவன் ஒடிசியஸ். பிறகு அவனுடைய தோழர்கள் சூரியக் கடவுளின் மாடுகளைக் கொன்று தின்று, அதனாலேயே ஒருவர் மிச்சமில்லாமல் கடலில் சாகிறார்கள். பாலிஃபீமஸ் மனிதரைத் தின்றவன், அவனுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் மேய்ச்சல்காரனின் வீட்டில் கொள்ளையிட வந்தவனையே நாயகன் என்று கொண்டாடுவது கடலோடிகளின் பார்வை என்பதை நீலகிரியின் நூல்பாலம் காட்டித்தருகிறது. அந்தப் பாலத்தில் ஒடிசியஸின் தோழர்கள் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

இங்கே சில மறுப்புகள் எழும். முதலாவது: ஒடிசி 12,000 அடிகள் கொண்ட காப்பியம், தோடரிடம் இருப்பதோ துண்டுக் கதைகள், இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? இதற்கு விடை 1930களில் கிடைத்துவிட்டது. ஹோமரின் பாணி வாய்மொழிப் பாணியே என்று நிறுவ ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் பாணர்களைப் பதிவு செய்தார். தயாராக இருக்கும் சொற்கட்டுகளைக் கொண்டு பாடும்போதே கவி புனைவது அவர்களின் முறை. ஏறக்குறைய அதே காலத்தில், 1935 முதல் 1938 வரை, மொழியியலாளர் மர்ரே எமனோ நீலகிரியில் தோடர் பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1971இல்தான் அவை பெருந்தொகுப்பாக வெளிவந்தன. இரண்டிரண்டாக இணையும் வரிகள், வாழ்வின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வழிவழியாக வந்த சொற்கட்டுகள் என்று முழுமையான ஒரு வாய்மொழிக் கவிமரபு அங்கே இருந்தது. ஒரு நீண்ட கதையாகக் கோக்கப்படவில்லை என்பது குறையாகாது. தொடர்ச்சியைச் சுமக்கும் வேலையைத் தோடர்கள் நிலத்திடம் விட்டிருந்தார்கள். இறந்தவரின் பயணம் ஓடையிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து முடிக்கு நகர்கிறது. வழிபாட்டில் ஒவ்வொரு குன்றுக்கும் சுனைக்கும் எருமைக் குடும்பத்துக்கும் தனிப்பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஒடிசியின் கடைசிக் காண்டத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. தன்னை மகன் என்று தந்தையை நம்பவைக்க ஒடிசியஸ் தோட்டத்து மரங்களை எண்ணிச் சொல்கிறான்: 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி, 50 வரிசைத் திராட்சை. தான் யார் என்பதற்கு அவன் காட்டிய கடைசிச் சாட்சி நிலம்தான். ஒடிசியஸ் ஒருமுறை செய்ததைத் தோடர் பூசாரி நாள்தோறும் செய்தார்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகக் கேட்டவர், அவர் காலத்துக்கு முன்பே கிறித்துவப் பணியாளர்கள் மலையில் இருந்தார்கள், நூல்பாலம் பாரசீகச் சமயத்தின் தீர்ப்புப் பாலத்தைப் போலவே இருக்கிறது, ஆக இவையெல்லாம் எங்கிருந்தோ வந்தவைதானே என்பது. வந்திருக்கலாம். ஆனால் வழியைத் தேடப் பாரசீகம் வரை போகத் தேவையில்லை. நெருப்பாறும் மயிர்ப்பாலமும் நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் எமலோக வழியிலேயே இருக்கின்றன. கடன் வாங்கிய பொருளை ஒரு சமூகம் என்ன செய்தது என்பதே முக்கியம். தமிழ்ச் சமவெளியில் நெருப்பாக இருந்தது, மழைக்காடும் ஈரமும் மிகுந்த மேற்கு நீலகிரியில் அட்டைகள் மொய்க்கும் ஆறாகிவிட்டது. குற்றப்பட்டியலில் பால்கோயில் சேர்ந்துகொண்டது. இந்த மாற்றங்கள் உள்ளூரின் கைவேலை.

நிலமே நூல் என்றால், நிலத்துக்கு நேர்ந்ததெல்லாம் நூலுக்கும் நேர்ந்தது. 1932இல் பைக்காரா மின்திட்டம், 1938இல் முக்குருத்தி அணை, 1950களின் பிற்பகுதியில் கனடா உதவியோடு தொடங்கிய குந்தா திட்டம், அதன் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் எல்லாம் தோடர் மேய்ச்சல் பரப்பின் நடுவில் வந்தவை. புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. உயர்ந்த நிலைப் பால்கோயில்கள் இப்போது இயங்குவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் ஏறக்குறைய 2,000 பேர். ஊட்டியில் பல் மருத்துவராக இருந்துகொண்டே தருண் சாப்ரா பல ஆண்டுகள் தோடர்களோடு நடந்து, அம்னோர் வழியின் அடையாளங்களையும் குறித்து 2015இல் நூலாக்கியது இந்தச் சூழலில் பெரிய பணி. முக்குருத்தி தேசியப் பூங்காவின் வரைபடங்களில் தோடர் பெயர்கள் இடம்பெறவேண்டும் என்பது வெறும் பண்பாட்டு மரியாதை சார்ந்த கோரிக்கை இல்லை. அந்தப் பெயர்கள் அழிந்தால் ஒரு காப்பியத்தின் காண்டங்கள் அழிகின்றன.

மூன்றாவது மறுப்பு: இதெல்லாம் பழங்கதை, இன்றைய நீலகிரிக்கு இதனால் ஆவதென்ன? தேயிலைத் தோட்டங்களுக்குள் போனால் விடை கிடைக்கும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. கண்டியிலும் பதுளையிலும் ஹட்டனிலும் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டேன்டீ நிறுவனமானது. அரசு அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அழைத்தது. ஒடிசியஸின் கதையை அவர்கள்மேல் போர்த்திய பெயர் அது. ஒடிசியஸை அடையாளம் காண அவனுடைய நாய் இருந்தது, தழும்பைத் தொட்டறிந்த செவிலி இருந்தாள், கட்டிலின் ரகசியம் தெரிந்த மனைவி இருந்தாள். நூறாண்டுக்கு முன் முன்னோர் விட்டுப்போன நாட்டில் இவர்களை அடையாளம் காண யாரும் இல்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் சேரம்பாடியிலும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர். அவர்களுடைய வாழ்க்கை இந்த மலையின் பழைய கதைகளோடுதான் பொருந்துகிறது. போன இடத்தில் நாற்று நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்து, லைன் வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் எழுப்பி, இடத்தை ஊராக்கியவர்கள் அவர்கள்.

2022இல் டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் வீடுகள் என்னாகும் என்ற அச்சம் எழுந்தது. தோட்டமாகும் முன் அது காடு, அதன்மேல் முதல் உரிமை பழங்குடிகளுடையது, பின்னால் வந்தவர்கள் கேட்கலாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கும் மலையின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. தோடர் பால்பொருளும், கோத்தர் இரும்பும் இசையும், படகர் தானியமும், குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் கொடுத்து வாங்கிய உறவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்தது. அதில் உரசலும் ஏற்றத்தாழ்வும் இருந்தன. குறும்பர்கள் சூனியக்காரர்கள் என்ற பழியில் கொலையுண்ட காலமும் உண்டு. ஆனாலும் வந்த வரிசை எதுவானாலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் மலையில் ஒரு பங்கு உண்டென்பதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காடு காடாக வளரட்டும், தோடரின் மேய்ச்சலும் வழித்தடமும் அவர்களிடம் இருக்கட்டும். தோட்டத்திலேயே முதுமை எய்திய சிலோன்காரரின் லைன் வீட்டுக்குரிய சில சென்ட் நிலத்துக்குப் பட்டா கொடுப்பது இவற்றில் எதற்கும் தடையில்லை.